காடு போயின் மொழியும் போம்

கலஹாவின் தேயிலை மலைகளில் ஊறும் ஓடைகள் மகாவலியிலே சென்று கலக்கின்றன. மகாவலியோ கிழக்கே இறங்கி மகியங்கனையைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு அண்மையிலுள்ள தம்பானையில் ஒரு மொழி மூச்சுத் திணறிக் கிடக்கிறது. அதுவே வேடர் மொழி. நம் மலைநீர் சென்று பாயும் நாட்டில் நிகழும் இவ்வழிவு நமக்குப் புறம்பானதன்று.

அம்மொழியின் மூலக் குடும்பம் எதுவென்பது இன்றளவும் துணியப்படவில்லை. செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டபோதே பலர் சிங்களத்திற்கு மாறியிருந்தனர். இன்று எஞ்சியிருப்பது சிங்களத்தோடு கலந்த வடிவமே.

1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. வேட்டைக்கும் தேனுக்கும் காட்டை நம்பியிருந்தோர் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திசாஹாமி பெயர மறுத்துத் தம்பானையிலேயே வாழ்ந்து 1998இல் மறைந்தார். விலங்கின் தடத்திற்கும் தேனடைக்கும் பிறந்த சொற்களுக்கு நெல் வயலிலே என்ன வேலை? தொழில் போயிற்று, சொல்லும் உடன் போயிற்று.

சிங்களம் விழுங்கிற்று என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. வாகரையிலும் மூதூரிலும் வாழும் கரையோர வேடர் இன்று பேசுவது தமிழே! சிறுமொழியை விழுங்கும் பெருமொழியாக நம்முடையதும் நின்றிருக்கிறது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அழிவு விதியன்று. இந்தியாவில் ஆஸ்திரோ–ஆசியக் குடும்பத்துச் சந்தாளிக்கு ரகுநாத் முர்மு 1925இல் ஒல் சிக்கி எழுத்தை வகுத்தார். 2003இல் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறிற்று. அதே குடும்பத்துக் கோரும் மொழியோ அத்தகைய ஆதரவின்றி ஒடிசாவிலே அருகி வருகிறது. மக்களின் முயற்சியும் அரசின் ஏற்பும் கூடிய இடத்தில் மொழி நிற்கிறது.

ஆகவே, முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்க. வேடர் சிறார் பயிலும் பள்ளிகளில் அவர்தம் மொழிக்கு ஒரு பாடவேளை ஒதுக்குக. முன்னோர் காட்டில் அவர்களுக்குள்ள உரிமையைச் சட்டத்தால் உறுதி செய்க. இவற்றை நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

1948இல் குடியுரிமை பறிபோனதையும் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததையும் கண்டவர் வழித்தோன்றல்கள் நாம். நமக்கு வேண்டிய நீதியை நம்மினும் சிறியாருக்காகவும் கேட்கும்போதுதான் நம் குரலுக்கு அறத்தின் வலிமை உண்டாகும்.