உதவி செய்யவும் உரிமை வேண்டும்: கண்டியிலிருந்து ஆப்கான் பெண்களை நினைத்து

டித்வா புயலுக்குப் பிறகு கம்பளைக்கு அருகில் ஒரு நிவாரண மண்டபத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. குறிப்புப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டுப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். மூன்று நாட்கள் அங்கேயே போய்விட்டன.

அரிசி, பருப்பு, கோதுமை மாவையெல்லாம் அந்தப் பெண்கள் யாரிடமும் கேட்டு வாங்கினார்கள். மாதவிடாய்த் துணி, உள்ளாடை, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவிடம் ஆகியவற்றைப் பெண் தொண்டர்களிடம் மட்டும் மெதுவான குரலில் கேட்டார்கள். நாங்கள் அங்கே இல்லாவிட்டால் அவை எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது.

2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயலிலும் மண்சரிவிலும் நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கூடுதலான உயிரிழப்பு கண்டி மாவட்டத்தில். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 31 இரவு, ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தை நிலநடுக்கம் தாக்கியது. 2,200இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நிய ஆண்கள் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் இடிபாடுகளுக்குள் கிடந்த பெண்களை மீட்கத் தயங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. மீட்கப் போயிருக்க வேண்டிய பெண்களின் கைகளை ஆட்சியாளர்கள் முன்பே கட்டிவைத்திருந்தார்கள்.

தலிபான்கள் 2022 டிசம்பர் 24 அன்று அரச சார்பற்ற நிறுவனங்களில் பெண்கள் பணியாற்றத் தடை விதித்தார்கள். 2023 ஏப்ரலில் அந்தத் தடை ஐக்கிய நாடுகள் அலுவலகங்களுக்கும் நீண்டது. நிலநடுக்கம் நடந்து ஒரு வாரம் கழித்து, ஐ.நா.வின் ஆப்கான் பெண் ஊழியர்கள் காபூல் வளாகங்களுக்குள் நுழையவே விடப்படவில்லை. சுகாதாரத்துறையில் சில விதிவிலக்குகள் இருந்தாலும் தடையின் நோக்கம் தெளிவானது. இதைச் சம்பளத்தைப் பறிக்கும் நடவடிக்கை என்று மட்டும் பார்க்க முடியாது. இன்னொருவருக்கு உதவும் தகுதியே பெண்ணுக்கு இல்லை என்கிறது அந்த உத்தரவு.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாமில் நான் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றேன். பெயர், குடும்ப எண், பங்கு: அவ்வளவுதான் நான். ஒருநாள் பக்கத்துக் கூடாரத்து அக்கா, சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும்படி கூப்பிட்டார். கரும்பலகை இல்லை, மண்ணில் குச்சியால் எழுதினோம். போருக்குப் பிறகு என்னை யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்ட முதல் நாள் அது. நிவாரணப் பொருட்கள் தராத ஒன்றை அந்தப் பிள்ளைகள் எனக்குத் தந்தார்கள்.

காலிதா போபல் என்ற ஆப்கான் பெண்ணின் கதையைப் படித்தபோது அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. ஆப்கான் பெண்கள் தேசியக் கால்பந்து அணியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். உயிர் அச்சுறுத்தலால் 2011இல் நாட்டைவிட்டு வெளியேறி டென்மார்க்கில் அகதியானார். அகதி முகாமில் மனச்சோர்வுக்குள் விழுந்தவர், அங்கிருந்த மற்றப் பெண்களைக் கூட்டிப் பந்து விளையாடத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் அகதிப் பெண்களுக்காக அவர் நிறுவிய ‘கேர்ள் பவர்’ அமைப்பு. 2021 ஓகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, வீராங்கனைகளை வெளியேற்றும் முயற்சியில் உலகெங்கும் தொடர்பு எடுத்து முன்னின்றவரும் அவரே.

எங்களிடமும் இந்த வரலாறு இருக்கிறது. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகம், முகாம்களிலிருந்த அகதிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரத் தொண்டர்களாகவும் ஆக்கியது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, உணவும் தண்ணீரும் கொண்டு ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால், தொண்டைப் புகழ்ந்துவிட்டு உரிமையை மறந்துவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை இணையவில்லை. இங்கு அடைக்கலம் தேடி வந்த ஆப்கானியர்களுக்குச் சட்டபூர்வமாக வேலை செய்யும் உரிமை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் “சும்மா இருக்காமல் சேவை செய்யுங்கள்” என்று சொல்வது அறிவுரை ஆகாது.

கண்டியில் இந்த முரண் கண்முன்னே தெரியும். ஐரோப்பிய இளைஞர்கள் கட்டணம் கட்டி வந்து, சில வாரங்கள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், போரில் பள்ளிக்கூடம் இழந்த பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அறிந்த ஆப்கான் ஆசிரியைக்கு அந்த வழி திறக்காது. கடவுச்சீட்டுகளின் உலகத் தரவரிசையில் அவருடையது கடைசி இடத்தில் இருக்கிறது. தொண்டும் இன்று விசாவில் தங்கியிருக்கிறது.

வீட்டுக்குள் அடைபட்ட ஆப்கான் மாணவிகளுக்கு மிஞ்சியிருப்பது இணைய வகுப்புகள். பல நாட்டுத் தொண்டர்கள் அவற்றை நடத்துகிறார்கள். 2025 செப்டெம்பர் இறுதியில் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டபோது ஏறத்தாழ இரண்டு நாட்கள் அதுவும் இல்லாமல் போனது.

எங்களால் என்ன செய்ய முடியும்? ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த எங்கள் ஆசிரியர்கள் அந்த வகுப்புகளில் வாரம் ஒரு மணிநேரம் கொடுக்கலாம். இங்குள்ள அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம். எங்கள் நிவாரணக் குழுக்களில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கே பொறுப்புக் கொடுக்கலாம்.

கம்பளையில் மூன்றாம் நாள், முதல் நாள் படிவத்தோடு நின்ற ஒரு தோட்டத்துப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொதி கட்டத் தொடங்கினார். அவருடைய லயத்தை மண் மூடியிருந்தது. அவர் பெயர் அப்போதும் பயனாளிப் பட்டியலில்தான் இருந்தது. கைகள் மட்டும் வேறு வேலை செய்துகொண்டிருந்தன. யாரும் அவரைத் தடுக்கவில்லை.