வாக்ஓவர்

சென்ற ஆண்டு ஒரு வேலைநாளில் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கை மகளின் எறிபந்து அணியோடு குறுவட்டப் போட்டிக்குப் போனேன். நான் போனது பார்வையாளராக அல்ல. 'துணைக்கு ஒரு பெண்' என்ற கணக்கில் போனேன். அவர்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஆண். மாணவிகளை வெளியே அழைத்துப்போனால் பெண் ஒருவர் உடன் வரவேண்டும். அன்று எந்த ஆசிரியையையும் வகுப்பிலிருந்து விடுவிக்க முடியாது என்று பள்ளி சொல்லிவிட்டது. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ வரலன்னா டீம் போகாதாம்."

பள்ளி விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை மாநில அளவுக்குப் போக வேண்டுமானால் முதல் படி குறுவட்டம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதும் தகுதிச் சுற்று அது. அதில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம், அதற்கப்பால் தேசியப் போட்டிக்கான தேர்வு. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். மேல்படியில் கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்புண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கென 500 இடங்கள், அரசு வேலையில் 3 விழுக்காடு. ஆகவே குறுவட்டத்தில் தோற்பதும் ஜெயிப்பதும் வெறும் ஆட்டம் அல்ல. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகளுக்கு அது ஒரு கல்லூரி இடம்.

காலை எட்டு மணிக்குள் வந்து பதிவு செய்யச் சொன்னார்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர்ப் பக்கம் போகும் பேருந்தில் பன்னிரண்டு பெண்களையும் ஒரு பந்துப் பையையும் ஏற்றி, ஏழே முக்காலுக்குக் கொண்டு சேர்த்தேன். முதல் ஆட்டம் பையன்களுடையது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. பெண்கள் ஆட்டம் எப்போது என்று கேட்டபோது, "பசங்கள முடிச்சிட்டு எடுத்துக்கலாம் மேடம்" என்றார் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டுக் கொடுத்தார்.

மணி பதினொன்று. வெயில். எங்கள் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொருத்தி பையிலும் முழு பாட்டில் இருந்தது. "குடிங்கடி" என்றேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தங்கை மகள்தான் வந்து காதோடு சொன்னாள். "பெரியம்மா, பாத்ரூம் கதவுல தாப்பா இல்ல. உள்ள தண்ணியும் இல்ல. குடிச்சா போகணும்ல." அணியில் இரண்டு பேருக்கு அன்று மாதவிலக்கு. அவர்கள் காலையில் வீட்டில் வைத்ததோடு மாலைவரை இருந்தார்கள். மதியம் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது சார் ஓடிவந்து ஸ்பிரே அடித்தார், "ஸ்டாமினா பத்தல" என்றார்.

இரண்டரை மணிக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எறிபந்து ஏழு பேர் ஆட்டம். எதிரணி ஒரு அரசுப் பள்ளி. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் ஐந்து பேர். ஒருத்தியின் அண்ணன் காலையில் வேண்டாம் என்றுவிட்டானாம். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். மற்றவர்களின் காரணங்களும் இதே அச்சில் வார்த்தவை. "நாங்க அஞ்சு பேரே ஆடறோம் சார்" என்றாள் அவர்களின் கேப்டன். உயரமான பெண், ரிப்பன் போட்ட இரட்டைச் சடை. நடுவர் தலையை ஆட்டிவிட்டு அட்டையில் எழுதினார்: வாக்ஓவர்.

அடுத்த சுற்றிலும் ஒரு பள்ளி வரவேயில்லை, அதுவும் வாக்ஓவர். இறுதியாட்டம் ஒன்றுதான் உண்மையில் ஆடப்பட்டது. அதையும் வெளிச்சம் குறைகிறது, பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரமாக முடித்தார்கள். எங்கள் பெண்கள் ஜெயித்து மாவட்டத்துக்குத் தகுதி பெற்றார்கள். யாரும் துள்ளவில்லை.

சான்றிதழில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பொறுப்பாளர் என்னிடம் ஆற்றாமையோடு சொன்னார்: "பொண்ணுங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மேடம். டீமே வர்றதில்ல பாருங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்.

'ஆர்வமில்லை' என்பது பிறகு வந்த வாக்கியம். அதற்கு முன்னால் 'அனுமதியில்லை' என்ற வாக்கியம் இருந்தது. நம் ஊரில் யாரும் அதை எழுதிவைக்கவில்லை, எழுத வேண்டிய தேவையே வரவில்லை. எழுதிவைத்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலுக்கென 1939இல் லிட்டில் லீக் தொடங்கியது. அதுவும் நம் குறுவட்டம் போன்ற ஏணிதான். ஊரில் வென்றால் மாவட்டம், மாநிலம், வட்டாரம், கடைசியில் ஆகஸ்ட் மாதம் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பெரும் போட்டி. 1950இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி பின்னலை வெட்டிக்கொண்டு, டப்பி என்று ஆண்பெயர் சொல்லித் தேர்வுக்குப் போய் அணியில் இடம் பிடித்தாள். தேறிய பிறகுதான் தான் பெண் என்றாள். பயிற்சியாளர் அவளை வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டே பெண்கள் எந்த நிலையிலும் தகுதியற்றவர்கள் என்று லீக் விதி எழுதிவிட்டது. ஆடத் தெரியாது என்பதற்காக வந்த விதியல்ல, ஒருத்திக்கு ஆடத் தெரிந்துவிட்டதே என்று வந்த விதி.

அந்த விதி இருபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1972இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே மூன்று ஆட்டங்களில் பந்து வீசினாள். அவளை நீக்காவிட்டால் ஊரின் உரிமத்தையே பறிப்போம் என்றது தலைமை. பெண்கள் அமைப்பு வழக்குப் போட்டது. பெண்பிள்ளைகளின் எலும்பு பலமில்லாதது என்றெல்லாம் லீக் தரப்பு வாதாடியது. 1973இல் விசாரணை அதிகாரியாக இருந்த சில்வியா பிரஸ்லர் என்ற பெண் அதை ஏற்கவில்லை. 1974இல் நீதிமன்றமும் அவர் முடிவை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் லீக்கின் சாசனத்தில் 'பையன்கள்' என்றிருந்ததை 'இளையோர்' என்று மாற்றியது. தமிழ் ஆசிரியைக்கு இதைப் படித்தால் மயிர்க்கூச்செறியும். ஒரு சொல்லை மாற்ற ஒரு நாடாளுமன்றமே கூட வேண்டியிருந்தது.

ஆனால் மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. ஆடும் உரிமையை வாங்கிக் கொடுத்தவளால் மீண்டும் அந்த லீக்கில் ஆட முடியவில்லை.

கதவு திறந்த அதே 1974இல் லிட்டில் லீக் பெண்களுக்கெனத் தனியாக சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது. வராதே என்று சொல்ல முடியாதபோது 'உனக்கு வேறு இடம் போட்டிருக்கிறேன்' என்பது பழைய தந்திரம். சாஃப்ட்பாலும் பெண்களுக்காகப் பிறந்த ஆட்டமல்ல. 1887இல் சிகாகோவில் ஒரு படகு கிளப் கட்டடத்துக்குள் ஆண்கள் பொழுதுபோக்காக ஆடியது. பிறகுதான் அது பெண்களின் 'இயல்பு' ஆனது. வட்டாரத் தகுதிச் சுற்றுகளில் பேஸ்பால் பையன்களுக்கும் சாஃப்ட்பால் பெண்களுக்கும் என்று தானாகப் பிரிந்துகொண்டது. 2014இல் மோனே டேவிஸ் என்ற பதின்மூன்று வயதுக் கறுப்பினச் சிறுமி வில்லியம்ஸ்போர்ட்டில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் பந்து வீசி வென்றபோது, உலகமே அதிசயம் பார்ப்பதுபோல் பார்த்தது. அதிசயம் அவள் கையில் இல்லை. அதுவரை எத்தனை கைகள் வேறு பந்தைப் பிடிக்க அனுப்பப்பட்டன என்பதில் இருக்கிறது.

நம் எறிபந்துக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. 1895இல் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கினார். அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸின் பெண்கள் கல்லூரியில் கிளாரா பேயர் பந்தை அடிக்காமல் பிடித்து எறியும் நியூகோம் ஆட்டத்தை உருவாக்கினார். அதன் சாயல் கொண்ட எறிபந்து இங்கே மதராஸ் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வேர்விட்டது. ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியின் ஊர் இது. எறிபந்தை நான் இளக்காரம் செய்யவில்லை. என் பள்ளி நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே ஆட்டம் அது, இன்றும் தோளில் அதன் நினைவு இருக்கிறது. ஆனால் வாலிபால் நெட் கட்டிய பக்கம் எங்களை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நாங்களாக ஆர்வம் காட்டவில்லை என்று அப்போதும் எங்கோ எழுதியிருப்பார்கள்.

பிள்ளைத்தமிழை வகுப்பில் நடத்தும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன். பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது, கடைசி மூன்று ஏன் பிரிகின்றன? பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பாலுக்குச் சிறுபறை, சிறுதேர், அப்புறம் சிற்றில் சிதைத்தல். அதாவது, பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் உதைத்துக் கலைப்பது ஆண்குழந்தையின் விளையாட்டு. சிதைக்காதே என்று கெஞ்சுவது பெண்பிள்ளைகளின் பங்கு. இலக்கியம் அதைக் குறும்பு என்று ரசிக்கிறது. நானும் பல ஆண்டுகள் ரசித்துத்தான் நடத்தினேன். சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ ஏதாவதொரு காலி மனையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஏழெட்டு கிரிக்கெட் அணிகள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கும். பெண்கள் ஓரமாக இரண்டு கல் நட்டு ரிங் போட்டு ஆடினால் பத்து நிமிடத்தில் ஒரு பந்து வந்து விழும், பின்னாலேயே நாலு பேர் ஓடிவருவார்கள். அன்று அந்த மைதானத்தில் மணி இரண்டரை வரை நடந்ததும் அதுதான், கொஞ்சம் மரியாதையாக நடந்தது.

சங்கப் பாடல்களின் பெண்கள் பந்தாடினார்கள், கழங்காடினார்கள், ஓரை ஆடினார்கள், ஊசல் ஆடினார்கள். பிறகு ஒரு நாள் மேனியின் மாற்றத்தைத் தாய் கண்டுகொள்வாள், ஊர் அலர் பேசும், வாசல் அடைபடும். இலக்கணம் இதற்கு இற்செறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறது. 14 வயதுப் பிரிவில் வந்த அணிகள் 19 வயதுப் பிரிவில் எங்கே போயின என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு சொல்தான். அந்த அண்ணன் செய்தது இற்செறிப்பு. தாழ்ப்பாள் இல்லாத கதவும் அதையே செய்கிறது, இன்னும் நயமாக.

பெற்றோர் பயப்படுகிறார்கள், அதில் நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023இல் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்த மல்யுத்தப் பெண்கள், பாலியல் தொல்லைக்கு எதிராக டில்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் காலணியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டே போனார். என் தங்கையே, "ஒலிம்பிக்ஸ் போனவங்களுக்கே அந்தக் கதின்னா நம்ம புள்ளைக்கு யாருக்கா கேப்பாங்க" என்றாள். அவளுக்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் இந்தப் பயத்துக்கான விலையை ஒவ்வொரு முறையும் பெண்ணே வீட்டில் உட்கார்ந்து கட்ட வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். பயமுறுத்தியவர்கள் மைதானத்தில்தான் இருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்றபோது என் வாட்ஸ்அப் முழுதும் அந்தப் பெண்ணின் படம்தான். நானும் பகிர்ந்தேன், அழுதேன்கூட. நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடப்பட்ட குடும்பங்களின் ஊர் அது. ஆனால் ஒரு தங்கத்தைக் காட்டி, 'திறமை இருந்தால் வந்துவிடலாம்' என்று சொல்லும் வாய்களைக் கண்டால் எரிச்சலாகிறது. ஏணியின் உச்சியில் மாலையோடு நிற்பவர்களுக்குக் கீழ்ப்படி ஓட்டையை மறைக்கும் நல்ல எண்ணம் வந்துவிடுகிறது. பெண்ணியக் கூட்டங்களில் பேசும் நாமும் இதில் சேர்த்தி. பதக்கம் வந்தால் கவிதை எழுதுகிறோம். குறுவட்டத்துக்குத் துணை போக ஆள் கேட்டால் செமஸ்டர் வேலை என்கிறோம்.

நான் கேட்பது பெரிய நிதி அல்ல. பெண்கள் ஆட்டத்தைக் காலை முதல் ஆட்டமாக வையுங்கள், பையன்கள் வெயிலில் காத்திருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் இருக்கின்றனவா என்று ஒரு பெண் போய்ப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மைதானத்தை ஒப்புக்கொள்ளுங்கள். துணைக்குப் போகும் ஆசிரியைக்கு அது பணி என்று எழுத்தில் கொடுங்கள். ஐந்து பேரோடு வந்து நிற்கும் அணிக்கு இன்னொரு நாள் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பெண்கள் பிரிவில் எத்தனை ஆட்டம் ஆடாமலே முடிந்தது என்று எண்ணி, ஒவ்வொரு குறுவட்டமும் வெளியிடட்டும். வெற்றியாளர் பட்டியலில் அந்த எண் மறைந்துபோகிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாராவது என்னிடம் 'இன்ட்ரஸ்ட் இல்ல' என்று சொல்லட்டும்.

அன்று திரும்பும் பேருந்தில் பெண்கள் பாட்டில்களைத் திறந்து மடமடவென்று குடித்தார்கள். பெருங்களத்தூர் தாண்டியதும் தங்கை மகள் கேட்டாள், "அந்த அக்காங்க அஞ்சு பேரு வந்தாங்களே பெரியம்மா, அவங்களுக்கும் ஏதாவது சர்டிஃபிகேட் குடுப்பாங்களா?"

மாட்டார்கள் என்றேன். அடுத்த வருஷம் முழு அணியோடு வருவார்கள் என்று சமாதானமும் சொன்னேன்.

"இல்ல பெரியம்மா, அவங்க ப்ளஸ் டூ" என்றாள்.