கவரிங்கைத் தங்கம்னு விற்கலாமா?

எங்க வீட்டில் மாமனார் 1989ல் வாங்கிய அம்பாசடர் கார் இருக்கிறது. அவருக்கு அது இன்னொரு பிள்ளை மாதிரி! மேற்கு வங்கம் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014லேயே அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது கடையில் புதுசாகக் கிடைக்கும் கதவு பீடிங், பம்பர், வீல் கப் எல்லாம் பெரும்பாலும் பட்டறைகளில் பார்த்துச் செய்தவைதான்.

நாத்தனார் மகளை அந்தக் காரில்தான் மணமேடைக்கு அழைத்துப் போகணும்னு மாமாவுக்கு ஆசை. நான் சீட்டு எடுத்த பணத்தில் எட்டாயிரம் கொடுத்தேன். "கம்பெனி சாமான்தாம்மா, பத்து வருஷம் உழைக்கும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாங்களும் விட்டுவிட்டோம்.

கல்யாணத்தன்று ஐப்பசி மழை. புது பீடிங் வழியே தண்ணீர் இறங்கி, மணப்பெண்ணின் பட்டுப்புடவை நனைந்துவிட்டது! ஆறே மாதத்தில் பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு. "இனிமே இந்த வண்டி எதுக்கும்மா, வித்துடலாம்" என்று மாமா சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

மெக்கானிக்தான் விளக்கினார். பம்பரின் மேலே பளபளப்பது மெல்லிய குரோம் பூச்சு. துரு பிடிக்காமல் காப்பது அதற்கு அடியில் உள்ள நிக்கல் பூச்சு. அதை மெலிசாகப் போட்டாலும் கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். எங்க புதுச்சேரி உப்புக்காற்றில் சாயம் வெளுத்துப் போகும். மட்ட ரப்பரும் அப்படித்தான், வெயிலில் விறைத்து வெடித்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் கவரிங் நகை கதைதான்!

பட்டறைக்காரர்கள் இல்லையென்றால் பழைய வண்டிகள் ஓடவே ஓடாது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கவரிங்கைக் கவரிங் என்று சொல்லி விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? செய்தவர் பெயரைப் பொருளில் போட்டு, 'இது டூப்ளிகேட்' என்று சொல்லி விற்கட்டும். "இன்னும் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசிய நானும் குற்றவாளிதான்.

சகோதரிகளே, கார் பாகம் மட்டுமல்ல, குக்கர் கேஸ்கட், மிக்ஸி பிளேடு வாங்கினாலும் பில் இல்லாமல் வராதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் கையில் பில் இல்லாமல் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

வண்டியை நாங்கள் விற்கவில்லை. இந்த முறை பில்லோடுதான் சாமான் வாங்குவேன்!

- ஓர் இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.