வயசான நாய்க்கு ஆபரேஷன் தேவையா?

"12 வயசு நாய்க்கு எதுக்குப்பா ஆபரேஷன்?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வயசு ஒரு வியாதியா என்ன? கர்ப்பப்பையில் சீழ் பிடித்த கிழட்டுப் பெண் நாய்கூட, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்து, பழையபடி போஸ்ட்மேனைப் பார்த்துக் குரைக்கும். தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

ஆனால் மண்ணீரலில் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் என்றால் கதையே வேறு. கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். மண்ணீரலையே எடுத்தாலும் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம்தான். கீமோவும் கொடுத்தால் சுமார் 4 முதல் 6 மாதம். சாதாரணக் கட்டியா, புற்றா என்பது வெட்டியெடுத்துப் பரிசோதித்த பிறகுதான் உறுதியாகும் (அதுதான் கொடுமை!). அதனால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நுரையீரலில் பரவியிருந்தால், ஆபரேஷன் வேண்டாம், வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்பதே என் கட்சி. பரவவில்லையா? கடன் வாங்கியாவது செய்யுங்கள்.