தேதி குறித்துத் தள்ளிப்போடுங்கள்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற கணினிப் புழு ஆந்திரக் காவல் துறையையும் விட்டுவைக்கவில்லை. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் காவல் துறைக் கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கொடு என்று திரையில் மிரட்டல் நின்றது. சில நாள்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் அதே கதிக்கு ஆளாயின. தரிசன டிக்கெட் சேவைக்குப் பாதிப்பில்லை என்று தேவஸ்தானத் தரப்பில் சொல்லப்பட்டது. அத்தோடு அந்தச் செய்தி மெல்ல மறைந்துபோனது.

மறந்திருக்கக் கூடாது. ஏனென்றால் அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டுவிட்டது. அமெரிக்க உளவு அமைப்பு ஒன்றின் கையிலிருந்து கசிந்த தாக்குதல் கருவி ஏப்ரல் 14-ம் தேதி இணையத்தில் எல்லோர் கைக்கும் வந்தது. புழு கிளம்பியது மே 12-ல். திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையே 59 நாள்கள் இருந்தன. காசு கேட்காத திருத்தம். போட்டு ரீஸ்டார்ட் செய்ய அரை மணி நேரம் போதும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று அப்போது பலர் பேசினார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனம் பார்த்த கணக்கில், பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதாவது அன்று ஆதரவு முடியாத, திருத்தம் தயாராகக் கிடைத்த கணினிகள்.

அப்படியானால் அப்டேட் வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய பயத்துக்கு வலுவான காரணம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸ் பகுதியில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து மீண்டும் வெளியிட நவம்பர் 13 ஆகிவிட்டது. அதில் மாட்டியவர்கள், தாமாகவே தேடிப்போய் முதலில் இறக்கிக்கொண்ட ஆர்வக்காரர்கள். ஒரு வாரம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

2021 மார்ச் அப்டேட் இன்னும் மோசம். சில வகை பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்ததுமே திரை நீலமாகிக் கணினி நின்றது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அச்சிட்டுத் தருவதே தொழிலாக இருக்கும் மீசேவா மையத்தில் இப்படி நேர்ந்தால், வாசலில் நிற்கும் மக்களுக்கு என்ன பதில் சொல்வது? அதே ஆண்டு ஜூலையில், பிரிண்டர் வழியாகவே கணினிக்குள் புகும் ஓட்டை ஒன்றை அடைக்க அவசரத் திருத்தம் வந்தது. அதை ஒட்டி வந்த மாற்றங்களால் லேபிள் பிரிண்டர்கள் சில வேலை செய்ய மறுத்தன. 2025 அக்டோபர் அப்டேட்டைப் போட்ட விண்டோஸ் 11 கணினிகளில், பழுது பார்க்கும் திரைக்குப் போனால் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செயல்படவில்லை. ஆறு நாளில் அதற்கும் மாற்றுத் திருத்தம் வந்தது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அன்று இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது மைக்ரோசாஃப்ட் அப்டேட் அல்ல என்றாலும், ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளிலும் எதையும் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எடை உள்ளவை அல்ல. கெட்ட அப்டேட் தரும் தொல்லை பெரும்பாலும் சில நாள்களில் தீர்கிறது. தவறு செய்த நிறுவனமே ஓடிவந்து சரிசெய்கிறது. போடாமல் விட்ட பாதுகாப்புத் திருத்தத்தின் ஆபத்தோ நாளாக நாளாக ஏறுகிறது. திருத்தம் வெளியானதும் தாக்குதல்காரர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். திருத்தம் வெளிவந்த நாளிலிருந்து, அதைப் போடாதவர் வீட்டுப் பூட்டின் சாவி ஊரெங்கும் நகலெடுக்கப்படுகிறது.

ஆகவே நம் நிலைப்பாடு இது: மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் கூடாது. ஏற்கெனவே தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்தால் இரண்டு நாள்களுக்குள் போட்டுவிட வேண்டும். தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றும் பெரிய ஆண்டு அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில் தவறில்லை, கையில் இருக்கும் பதிப்புக்கு ஆதரவுக் காலம் மிச்சம் இருக்கும்வரை. இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் ஊர்களில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது. ‘அப்டேட் போட்டால் ஸ்டார்ட் மெனு மாறிவிடுகிறது’ என்று எரிச்சலடைந்து, பாதுகாப்புத் திருத்தத்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

தள்ளிப்போட நியாயமான காலங்கள் உண்டு. ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாம்பழ லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் எடைமேடைக் கணினியைப் பகலில் ரீஸ்டார்ட் செய்ய யாரும் சொல்ல மாட்டார்கள். பிரம்மோற்சவ நாள்களில் திருமலையில் எந்தக் கணினியிலும் கைவைக்க அதிகாரிகள் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்ய ஓடும் கணக்கருக்கு 19-ம் தேதி இரவு அப்டேட் வேண்டாம். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த தேதிகள். மைக்ரோசாஃப்ட்டின் தேதியும் தெரிந்ததுதான்: ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு அன்று இரவு. இரண்டையும் ஒரே நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டால் பெரும்பாலான மோதல்கள் வராமலே போய்விடும். விழா முடிந்த மறுநாள் என்று தேதி போட்டுத் தள்ளி வைப்பது நிர்வாகம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போவது ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது.

நடைமுறை எளியது. புதன்கிழமை காலை, அலுவலகத்தில் இரண்டே கணினிகளில் அப்டேட்டைப் போடுங்கள். அவற்றில் ஒன்று பிரிண்டரும் கைரேகைக் கருவியும் இணைந்ததாக இருக்கட்டும், ஏனென்றால் சிக்கல் முதலில் அங்கேதான் தலைகாட்டும். இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். இதற்கிடையே, இந்த அப்டேட்டில் தெரியவந்த கோளாறுகள் என்னென்ன என்று மைக்ரோசாஃப்ட் தானே பட்டியலிடுகிறது. அதை ஒருவர் படிக்கட்டும். அடுத்த புதன்கிழமைக்குள் மற்றக் கணினிகள் எல்லாவற்றுக்கும் போட்டு முடியுங்கள். வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவர், செட்டிங்ஸில் ஒரு வாரம் நிறுத்திவைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் போதும். மாதக் கடைசியில் ‘முன்னோட்டம்’ என்ற பெயரில் வரும் அப்டேட் கட்டாயமில்லை. அதை அலுவலகங்கள் தொடவே வேண்டாம். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் தொடங்கக் கூடாது. பாதியில் கரண்ட் போய்க் கெட்டுப்போன கணினியைப் பார்த்துத்தான் பலர் அப்டேட்டையே வெறுக்கத் தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப். அதை எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே பூட்டி வைக்க வேண்டும். கணினியிலேயே செருகியிருந்த டிஸ்க்கில் உள்ளதையும் வான்னாகிரை பூட்டியது. கெட்ட அப்டேட்டுக்கும் புழுவுக்கும் ஒரே மருந்து இதுதான். இதை மாதம் ஒருமுறைகூடச் செய்யாத அலுவலகம், அப்டேட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஆபத்தில்தான் இருக்கிறது. 2017-ஐ ஒருமுறை வந்துபோன விபத்தாக நினைப்பவர்கள், 2019 ஏப்ரல் இறுதியில் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரத் தென்மண்டல மின்விநியோக நிறுவனமும் தெலங்கானா மின்நிறுவனங்களும் பணம் பறிக்கும் மென்பொருளிடம் சிக்கியதை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் இந்த நடைமுறையைச் செய்வது யார்? இங்கேதான் நம் அலுவலகங்கள் கோட்டைவிடுகின்றன. கணினி முன் உட்காரும் எழுத்தர் அப்டேட் அறிவிப்பைப் பார்க்கிறார்; அது தன் வேலை இல்லை என்று நினைக்கிறார். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த கடைக்காரர் கூப்பிட்டால்தான் வருவார். அவர் வரும்போது ‘சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது’ என்று புகார் சொன்னால், அப்டேட் சேவையையே நிறுத்திவிட்டுப் போகிறார். அன்று கணினி வேகமாகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்தச் சேவை நின்றது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூன்று ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் யார், எதுவரைக்கும், என்ன காரணத்துக்காக என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. அந்த எழுத்தரையோ கடைக்காரரையோ குறை சொல்லிப் பயனில்லை. பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படைக்காத மேலதிகாரிதான் பதில் சொல்ல வேண்டியவர்.

பிரிட்டனில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. வான்னாகிரை தாக்கியபோது அந்நாட்டுப் பொது மருத்துவத் துறையில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவ முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. திருத்தத்தைப் போடுங்கள் என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது. போட்டார்களா என்று சரிபார்க்கும் முறையான ஏற்பாடு மட்டும் இல்லை. சுற்றறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

அப்டேட் போடவே முடியாத கணினிகளும் இருக்கின்றன என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்வார்கள். ஸ்கேன் கருவியோடு சேர்ந்து வரும் கணினியில், கருவியை விற்ற நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றினால் கருவியின் உத்தரவாதம் போய்விடும். ஆலைகளில் இயந்திரத்தை ஓட்டும் கணினிக்கும் இதே நிலைதான். உண்மைதான், ஏற்கிறோம். அப்படியானால் அந்தக் கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக வலைப்பின்னலிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். வான்னாகிரை பரவியது, கணினிகள் ஒன்றோடொன்று கோப்பு பகிரும் பழைய வழியில்தான். அந்த வழியை அடைத்தாலே அன்று பல அலுவலகங்கள் தப்பியிருக்கும். எதையும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, அதே கணினியில் யாரோ கொண்டுவந்த பென் டிரைவைச் செருகுவதை மட்டும் ஏற்க முடியாது.

இன்னொரு கூட்டம், ஆதரவே முடிந்துபோன கணினிகள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடும் பல கணினிகள் அந்தத் தகுதி இல்லாமல் வெளியே தள்ளப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் செய்தது நியாயம் என்று நாம் நினைக்கவில்லை. ஓடும் கணினியைக் குப்பையில் போடச் சொல்வது ஏழை நாட்டுக்கு எந்த வகையிலும் பொருந்தாது. வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த திருத்தங்கள் உண்டு. கணினியின் அமைப்புகளைத் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசில்லாமலே பெறலாம். நிறுவனங்களுக்கோ கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர் என்றும், ஆண்டுதோறும் அது இருமடங்காகும் என்றும் விலை வைத்திருக்கிறார்கள். நூறு கணினி உள்ள ஓர் அரசு அலுவலகத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் தேவைப்படும் மேசைகளில் லினக்ஸ் போடுவதையும் இப்போதே யோசிக்கலாம்.

2022 ஏப்ரல் 4-ல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும், காவல் நிலையங்களிலும், கிராம சச்சிவாலயங்களிலும் எத்தனை கணினிகள் எந்தப் பதிப்பில் ஓடுகின்றன, கடைசியாகத் திருத்தம் போட்ட தேதி என்ன என்ற கணக்கை இரண்டு ஆட்சியர்களும் எடுக்க வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் இதற்கென ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். தள்ளிவைத்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணமும் முடிவுத் தேதியும் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கணினிப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, அப்டேட் சேவையை எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிறுத்தக் கூடாது என்ற ஒரு விதியும் அவற்றில் சேர வேண்டும்.