குறும்பும் சில்மிஷமும்

திருக்குறளின் ‘நாடு’ அதிகாரத்தில் ‘கொல்குறும்பு’ என்றொரு சொல் வருகிறது. வேந்தனை அலைக்கழிக்கும் கொலைத்தொழில் கூட்டத்தாரை அது சுட்டும். சங்க நூல்களில் குறும்பு அரணையும் குறிக்கும். இன்றோ அது குழந்தையின் விளையாட்டுத்தனத்துக்கு உரிய சொல். அச்சத்தில் பிறந்து கொஞ்சலில் வந்து சேர்ந்திருக்கிறது.

சில்மிஷம் இதற்கு நேர்மாறானது. சிறு விளையாட்டுச் சேட்டையைக் குறித்த அச்சொல், பேருந்தில் பெண்ணிடம் சில்மிஷம், மாணவியிடம் சில்மிஷம் என்று நாளிதழ்த் தலைப்புகளில் நிலைபெற்றுவிட்டது. சுட்டப்படும் செயல் குற்றம். சுட்டும் சொல்லிலோ பழைய விளையாட்டின் தொனி நீங்கவில்லை.

இதை இடக்கரடக்கல் என்று சொல்லி நியாயப்படுத்துவோர் உண்டு. அவையில் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வது தமிழ் மரபே. ஆனால், ‘கால் கழுவி வந்தான்’ என்னும்போது சொல்தான் மறைகிறதே தவிர, செயலின் தன்மை திரிவதில்லை. சில்மிஷம் செயலையே சிறிதாக்குகிறது. ஆகவே அது இடக்கரடக்கல் ஆகாது.

சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவரின் இறப்பை அடுத்து, 1998இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் பெயரில் முதலில் ‘ஈவ்டீசிங்’ என்ற சொல்லே இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்பது பெயரில் இடம்பெற்றது. ‘ஈவ்டீசிங்’ என்பது குற்றத்தை மென்மையாக்கிக் கூறும் சொல் என்று உச்ச நீதிமன்றமும் 2012இல் சுட்டியது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலை அப்பெயராலேயே குற்றமாக்குகிறது.

தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் வடமாலபேட்டைப் பகுதியில் இச்சிக்கலை ஒப்புநோக்கலாம். தெலுங்கில் ‘அல்லரி’ குழந்தையின் குறும்பு. ‘அல்லரிமூக’ என்றால் கலகக் கும்பல். உடன்வரும் சொல் பொருளைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. பெண்களுக்கு நேரும் துன்பத்தைச் சுட்ட ‘வேதிம்புலு’ என்ற தனிச்சொல்லும் உண்டு. எனினும் அதைச் செய்பவனைக் குறும்பன் என்னும் பொருள்பட ‘ஆகதாயி’ என்றழைக்கும் வழக்கம் அங்கும் தொடர்கிறது. எல்லைக்கு இருபுறமும் நோய் ஒன்றே.

மொழி மாற்றத்தை ஆணையிட்டுத் தடுக்க இயலாது என்பது மொழியியலின் பாலபாடம். ஆனால் தலைப்பெழுதுபவர் தேர்வது மொழியின் இயல்பான போக்கன்று, ஒருவரின் முடிவு. அந்த முடிவுக்கு விளைவு உண்டு. நாளும் படித்த சொல்லையே ஒரு மாணவி தன் புகாரில் எழுத நேர்ந்தால், விசாரணை தொடங்குமுன்பே அவளுக்கு நேர்ந்தது பாதியாகக் குறைந்துவிடுகிறது. பாலியல் துன்புறுத்தல் என்று எழுதத் தமிழில் சொல் இருக்கிறது. பத்திரிகையும் பல்கலைக்கழகமும் அதையே எழுத வேண்டும்.