பயணியா, பண்டமா?

குருவிகுளத்து உழவர் ஒருவர் சங்கரன்கோவிலில் பொதிகை விரைவு வண்டி ஏறுகிறார். சென்னையிலே மகளுக்குப் பேறுகாலம். பெயரைச் சொல், வயதைச் சொல், தொலைபேசி எண்ணைச் சொல் என்கிறது இரயில்வே. சொல்கிறார், கட்டணமும் செலுத்துகிறார். கணக்கு அத்தோடு தீர்ந்தது என்றுதானே எண்ணுவார்?

டில்லியின் கணக்கு வேறு! 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. ஓர் ஒப்பந்தப்புள்ளி கோரியது. பெயர், வயது, முகவரி, எத்தனை பேருடன் பயணம், எந்த வகுப்பு, எவ்வழியில் பணம் – இவற்றைக் காசாக்க வழிசொல்லும் ஆலோசகர் வேண்டுமாம். கடவுச்சொல்லைக்கூட அப்பட்டியல் விட்டுவைக்கவில்லை. குறி, 1000 கோடி ரூபாய்! அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்து ஐந்தாண்டு நிறைந்த அதே மாதத்தில்! (நாடகத்தில் இப்படி எழுதினால் நம்பமாட்டார்கள்.)

கண்டனம் எழுந்தது, நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேட்டது, ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெற்றனர். தவறென்று உணர்ந்தா? இல்லை, தோழர்களே! தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லையாம், அதுவே காரணமாம். வேலி இல்லாததால் வெள்ளாடு மேயவில்லையாம், நம்புங்கள்!

வேலியும் வந்தது, 2023-இல். தவறிழைப்போருக்கு 250 கோடி வரை தண்டம் என்று தண்டோரா! ஆனால் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணங்காட்டி, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம்! வேலி கட்டியவனே வாயில் வைத்தான். திறவுகோலையும் தன் மடியிலே செருகிக்கொண்டான்.

அவ்விலக்கு இரயில்வேக்கு ஒருநாளும் கிடையாதென்று அமைச்சர் அவையிலே எழுந்து சொல்லட்டும். அரசிதழிலும் அச்சிட்டுத் தரட்டும்.